கட்டிலுக்கு அடியில் இன்னொரு சுருள்

ஜூன் 2

தம்பிக்கு அண்ணி எழுதுவது.

நலமா என்று நான் கேட்கவில்லை, நீயும் கேட்காதே. உன் அண்ணன் போய் இன்றோடு நாற்பத்தோரு நாள். அதில் ஒரு நாள்கூட நீ வந்து நிற்கவில்லை. கூடப் பிறந்தவன் முகத்தைக் கடைசியாகப் பார்க்க லீவு கிடைக்கவில்லை என்று சொல்லி அனுப்பினாய். நான் நம்பினேன். என் மகள் நம்பவில்லை. "சித்தப்பான்னு ஒருத்தர் இருந்தார், அவ்வளவுதான்" என்று சொல்லி உன் நம்பரைத் தன் போனில் அடைத்துவிட்டாள். என்னிடம் போன் இல்லை. இருந்த ஒன்று அவர் சட்டைப் பையில் அவரோடேயே விழுந்தது. அதனால்தான் கடிதம். அஞ்சாம் வகுப்போடு நின்றவள் எழுத்து, தப்பிருந்தால் பொறுத்துக்கொள்.

சண்டை போட எழுதவில்லை. ஒன்று கேட்க வேண்டும். கயிறு செய்கிற கம்பெனியில், பரிசோதனை அறையில் உட்கார்ந்திருக்கிறவன் நீ. உன்னை விட்டால் எனக்கு யாரைத் தெரியும்?

நான்தான் கயிற்றைக் கெடுத்தேனா?

மாடிக் கட்டிடங்களில் தொங்கிக்கொண்டு கண்ணாடி துடைக்கிறவர் கயிறு படுகிற பாடு உனக்குத் தெரியாது. புறா எச்சம், சோப்புத் தண்ணீர், கரி. வீட்டுக்குள் கொண்டுவந்தால் நாறும். ஞாயிற்றுக்கிழமை அவர் படுத்திருக்கும்போது நான் அதை வாளியில் போட்டு, ப்ளீச்சிங் பவுடர் ஒரு மூடி கொட்டி, காலால் மிதித்துத் துவைத்து, மொட்டை மாடியில் பொழுது சாய்கிறவரை வெயிலில் போடுவேன். வெள்ளை வெளேரென்று இறங்கி வரும். "என் பொண்டாட்டி கயிறைக்கூடக் குளிப்பாட்டி விடுறா" என்று ஆட்களிடம் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். ஜனவரியில் நீ ரெண்டு சுருள் கொண்டுவந்து கொடுத்தாயே, அதில் ஒன்றைப் பிரித்த நாளிலிருந்து ஒரு வாரம் தவறவில்லை.

கட்டிட ஆபீசிலிருந்து ஒருவர் வந்தார். நாற்காலி போட்டும் உட்காரவில்லை. "கயிறை ஒழுங்கா வெச்சுக்கலம்மா. வேற யார் மேலயும் தப்பு இல்ல" என்றார். கயிற்றை வைத்துக்கொண்டது யார்? நான். அந்த வார்த்தை உள்ளே போய் உட்கார்ந்தது, எழுந்திருக்க மாட்டேன் என்கிறது.

அவர் எப்போதும் ரெண்டு கயிறு கட்டுவார். ஒன்று தொங்குவதற்கு, ஒன்று காப்புக்கு. ஒன்று போனால் இன்னொன்று பிடிக்கும். ரெண்டும் அந்த ஒரே சுருளில் வெட்டினதுதான். பக்கத்தில் தொங்கின நெட்டையன் சொன்னான்: முதல் கயிறு போனதும் காப்புக் கயிறு அவரை ஒரு வெட்டு வெட்டிப் பிடித்ததாம். பிடித்துவிட்டது என்று இவன் கத்தி முடிப்பதற்குள் அதுவும் போய்விட்டதாம். ரெண்டையும் ஒரே வாளியில் துவைத்தவள் நான்.

அறுந்த முனையில் ஒரு முழம் இதோடு வைத்திருக்கிறேன். உன் மெஷினில் போட்டுப் பார். நான் என்றால் நான் என்று சொல்லிவிடு. குழாயடியில் அந்த வாளியைக் கவிழ்த்து வைத்திருக்கிறேன். அதன் பக்கம் போகவே பயமாக இருக்கிறது.

அண்ணி

ஜூன் 9

அண்ணிக்கு,

உங்கள் கடிதமும் கயிற்றுத் துண்டும் வந்தன. யாரும் பார்ப்பதற்கு முன் துண்டை எடுத்து இழுப்பறையில் வைத்துவிட்டேன்.

வராததற்கு என்ன சொன்னாலும் சாக்குத்தான். டிக்கெட் எடுத்தேன். பஸ் கிளம்பினபோது நான் கீழே நின்றுகொண்டிருந்தேன். அதற்கு மேல் எழுதத் தெரியவில்லை.

நீங்கள் கேட்டது. இந்த மாதிரி செயற்கை நூலுக்குள் கண்ணுக்குத் தெரியாத நீளச் சங்கிலிகள் இருக்கும். கோடி கோடியாக இருக்கும். கயிற்றின் பலம் அவற்றின் நீளத்தில்தான். வெயில் பட்டால் அவை துண்டாகும். ப்ளீச்சிங் பவுடரும் நல்லதில்லை. புத்தகத்திலேயே இருக்கிறது. வாரா வாரம் என்றால் பாதித்திருக்க வாய்ப்பு உண்டு.

உங்களைக் குற்றம் சொல்லவில்லை. தெரியாமல் செய்தது. நடந்தது நடந்துவிட்டது அண்ணி, அதையே நினைத்து உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். மெஷினில் போட்டுப் பார்க்க இப்போது நேரம் இல்லை, வேலை நெருக்குகிறது.

பாப்பாவைக் கேட்டதாகச் சொல்லுங்கள். சொல்ல வேண்டாமென்றால் வேண்டாம்.

தம்பி

ஜூன் 13

தம்பிக்கு,

ஆக, நான்தான். வாய்ப்பு உண்டு என்று நீ மெத்தென்று எழுதியிருக்கிறாய். எனக்குப் புரிந்துவிட்டது.

கடிதத்தை நான் வேலை பார்க்கிற தலைமுடிக் கிடங்குக்கு எடுத்துப் போனேன். வீட்டில் வைத்தால் பல்லி பார்ப்பாள். (பாப்பாவை உன் அண்ணன் பல்லி என்றே கூப்பிட்டுப் பழக்கிவிட்டார், மூணு வயதில் ஜன்னல் கம்பியில் ஏறி இறங்க மறுத்ததிலிருந்து.) முடி சீவிப் பிரிக்கிற ஆணிச் சீப்புக்கு முன்னால் உட்கார்ந்தேன். கை ஓடவில்லை. சங்கிலி துண்டாகும் என்று எழுதியிருந்தாயே, கையில் இருந்த முடியைப் பார்த்து அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். முடியும் அப்படித்தான். நீளமாக இருந்தால் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும், குட்டையானால் நழுவும்.

கிடங்கில் போன வாரம் ஒரு கூத்து. விக் கம்பெனிக்காரர்கள் பதினாலு அங்குல முடி கேட்டிருந்தார்கள். எங்களிடம் கைவசம் இருந்தது எட்டு அங்குலமும் இருபது அங்குலமும். மேற்பார்வையாளர் ரெண்டையும் கலந்து கட்டச் சொன்னார். "கூட்டிப் பாதியாக்கிப் பாரு, பதினாலு வருது இல்ல?" என்றார். எடுக்க வந்த ஆள் கட்டைப் பார்த்தான், நுனியைப் பிடித்து ஒரு இழு. நீளமானது நாலு அவன் கையில், குட்டையெல்லாம் தரையில். "கணக்கு சரியாத்தான் இருக்கு, முடியைத்தான் காணோம்" என்றான். நாங்கள் எல்லாரும் சிரித்தோம். நானும் சிரித்தேன், நாற்பது நாளைக்கு அப்புறம். உடனே குனிந்து சீப்பில் முடியை இழுக்க ஆரம்பித்தேன்.

இதிலும் ஒரு நல்லது இருக்கிறது. பல்லி அப்பா வேலைக்கே போகிறேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். இருபத்திரண்டு வயது, சொன்னால் கேட்கிற வயதா? மேஸ்திரி சேர்த்துக்கொண்டார். இத்தனை நாள் நான் முடியவே முடியாது என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். இப்போது உன் கடிதம் வந்ததும் கொஞ்சம் தைரியம் வந்தது. நீ கொடுத்த இன்னொரு சுருள் கட்டிலுக்கு அடியில் அப்படியே இருக்கிறது. மேலே சுற்றின பிளாஸ்டிக்கூடப் பிரிக்கவில்லை. சோப்புப் படாதது, வெயில் படாதது, என் கை படாதது. உன் கையெழுத்துப் போட்ட சீட்டு அதில் ஒட்டியிருக்கிறது. "என் தம்பி பார்த்துப் பாஸ் பண்ணின கயிறு" என்று உன் அண்ணன் அதை ஆள் ஆளுக்குக் காட்டுவார்.

அதை எடுத்துக்கொள் என்று சொல்லிவிட்டேன். துவைக்க மாட்டேன் என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள். செவ்வாய்க்கிழமை, 24ஆம் தேதி, பதினெட்டு மாடிக் கட்டிடத்தில் ஆரம்பம்.

அண்ணி

ஜூன் 17

அண்ணி,

பாப்பாவை அந்தச் சுருளை எடுக்க விடாதீர்கள். வேறு கயிறு வாங்கிக்கொள்ளட்டும். காரணத்தை அப்புறம் விவரமாக எழுதுகிறேன். தயவுசெய்து.

தம்பி

ஜூன் 20

தம்பிக்கு,

மூணு வரி எழுதியிருக்கிறாய். அந்த மூணு வரி என்னை என்ன செய்தது என்று உனக்குத் தெரியுமா? அடுப்பில் வைத்ததை மறந்து வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

பல்லியிடம் சொன்னேன். "ஏனாம்?" என்றாள். காரணம் எழுதவில்லை என்றேன். சிரித்தாள். "அப்பாவைத் தூக்கும்போது வராதவருக்கு என் மேல திடீர்னு என்ன பாசம்? நீ பயந்து போய் நீயாவே சொல்றியா, இல்ல அவர் சொன்னாரா?" கடிதத்தைக் காட்டினேன். வாங்கிப் பார்த்துவிட்டு அப்படியே மடித்து என் கையில் வைத்துவிட்டாள். "அப்பா வெச்சுட்டுப் போனது அது ஒண்ணுதான்மா. அதையும் விடச் சொல்றாரா?"

துவைக்காத கயிறு நல்ல கயிறு என்று எனக்குப் புரியவைத்தவனே நீதான். இப்போது அதுவும் வேண்டாம் என்றால், அப்புறம் எது அறுத்தது?

அப்புறம் எழுதுகிறேன் என்கிற பேச்செல்லாம் வேண்டாம். என்ன தெரியுமோ அதை எழுது. எனக்குப் புரியாது என்று நினைக்காதே.

அண்ணி

ஜூன் 23

அண்ணி,

உங்கள் கடிதம் இன்று காலைதான் வந்தது. இதைக் கூரியரில் அனுப்புகிறேன், நாளைக் காலை ஒன்பதுக்குள் சேர்ந்துவிடும் என்கிறான். பாப்பாவுக்கு ஏழு தடவை போன் அடித்தேன், போகவில்லை. கேன்டீன் ஆளின் போனை வாங்கி அடித்தேன். "பாப்பா" என்றதும் வைத்துவிட்டாள். மேஸ்திரி நம்பர் என்னிடம் இல்லை. இப்போது பஸ் ஏறினாலும் நாளை மத்தியானத்துக்குத்தான் வந்து சேருவேன். அவசரமாக எழுதுகிறேன், எழுத்து புரிகிறதா?

நீங்கள் அறுக்கவில்லை. நான்தான்.

உங்கள் கிடங்கு மேற்பார்வையாளரைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அந்த ஆள் நான்தான் அண்ணி.

டிசம்பரில் கயிற்றுக்கான மூலப்பொருள் ஒரு லாட் வந்தது. உள்ளே சங்கிலிகள் எல்லாம் குட்டை. தள்ளிவிட வேண்டிய சரக்கு. இன்னொரு லாட்டில் எல்லாம் ரொம்ப நீளம், மெஷினில் ஓடாது. ரெண்டும் வீணாகப் போகும் என்று மேனேஜர் தலையில் கை வைத்துக்கொண்டிருந்தார். ரெண்டையும் கலந்தால் சராசரி சரியாக வரும் என்று நான் சொன்னேன். வந்தது. மூளைக்காரன் என்று முதுகில் தட்டினார்.

சீட்டில் நாங்கள் எழுதுவது அந்தச் சராசரி ஒன்றைத்தான். ஆனால் என் மெஷின் ஒரு படமும் போடும். கயிற்றைக் கரைத்து, பொடிப் பொடித் துளை உள்ள மணிகள் அடைத்த குழாயில் விடுவோம். நீளச் சங்கிலி எந்தத் துளையிலும் நுழையாது, நேராக முதலில் வெளியே வந்துவிடும். குட்டைகள் தெருவில் வருகிற பொடிசுகள் மாதிரி, ஒவ்வொரு சந்திலும் புகுந்து புகுந்து கடைசியில் வரும். எது எவ்வளவு என்று மெஷின் ஒரு மலையாகப் போட்டுக் காட்டும். நல்ல சரக்குக்கு ஒரே மலை, ஒல்லியாக. இதற்கு ஒட்டகம் மாதிரி ரெண்டு திமில். படத்தைப் பார்த்தேன். மடித்து இழுப்பறையில் போட்டுவிட்டு, சராசரியை எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அந்த லாட்டிலிருந்துதான் அண்ணனுக்குக் கொண்டுவந்தேன். தெரிந்தே கொண்டுவந்தேன் என்று நினைக்காதீர்கள். நானே அந்தச் சராசரியை நம்பிவிட்டேன். அண்ணன் கேட்டார், பெருமையாகக் கொண்டுவந்தேன்.

நேரம் இல்லை என்று எழுதினது பொய். உங்கள் ஒரு முழத்தை வந்த அன்றே போட்டேன். அந்த லாட்டிலிருந்து எடுத்துப் பீரோவில் வைத்திருக்கிற மாதிரித் துண்டையும் போட்டேன், அது வெயிலே பார்க்காதது. ரெண்டு படத்தையும் ஒன்றன் மேல் ஒன்று வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தேன். அதே ரெண்டு திமில். உங்கள் வெயில் ஓரத்தில் கொஞ்சம் கடித்திருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். அந்தக் கொஞ்சத்தில் அறுந்திருக்காது. அதைத் தெரிந்துகொண்டேதான் அந்தக் கடிதத்தை எழுதினேன். நீங்கள் உங்கள் தலையிலேயே போட்டுக்கொள்ளத் தயாராக இருந்தீர்கள், நான் விட்டுவிட்டேன். அது பாப்பாவை அந்தச் சுருளுக்கு அனுப்பும் என்று நினைக்கவில்லை. அப்புறமும் காரணம் எழுதப் பயந்து மூணு வரியில் நிறுத்தினேன்.

இதை மட்டும் கவனியுங்கள். மெல்ல ஏற்றுகிற பாரத்தை அது தாங்கும். திடீர் உதறல்தான் ஆகாது. அவள் ஏற்கெனவே தொங்கிக்கொண்டிருந்தால் கத்திக் கூப்பிடாதீர்கள். திடுக்கிட்டுத் திரும்பக் கூடாது. தானாக இறங்கட்டும்.

அந்த லாட்டில் இருநூற்றுப் பத்து சுருள். கம்பெனியில் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. வேலை போகும், கேஸ் போடுவார்கள், பயமாக இருக்கிறது அண்ணி.

தம்பி

ஜூன் 25

தம்பிக்கு,

பயப்படாதே, உயிரோடு இருக்கிறாள். அதை முதலில் எழுதிவிடுகிறேன். என்னை மாதிரி நீயும் வாசற்படியில் உட்கார்ந்து படிக்க வேண்டாம்.

கூரியர்காரன் ஒன்பதே காலுக்கு வந்தான். பல்லி எட்டுக்கே கிளம்பியிருந்தாள். நான் கிடங்குக்குப் போகப் பையோடு நின்றுகொண்டிருந்தேன். நின்றபடியே படித்தேன். செருப்பு போட்டேனா என்று எனக்கு நினைவில்லை, ரெண்டாவது பஸ்ஸில்தான் குனிந்து பார்த்தேன், போட்டிருந்தேன்.

மொட்டை மாடியில் மேஸ்திரி மட்டும் இருந்தார். கைப்பிடிச் சுவரில் சாக்கு மடித்துப் போட்டு, அதன் மேல் ரெண்டு கயிறும் விறைப்பாகக் கீழே போய்க்கொண்டிருந்தன. எட்டிப் பார்த்தேன். பதினோராம் மாடி அளவில் அவளுடைய மஞ்சள் தொப்பி. ஏதோ பாட்டு முணுமுணுத்துக்கொண்டு கண்ணாடி துடைக்கிறாள். அப்படியே அவர் குரல். என் வாயை நானே பொத்திக்கொண்டேன்.

மேஸ்திரியிடம் காதோடு காதாகச் சொன்னேன். அந்த மனுஷன் முகத்தில் ரத்தமே இல்லை. "வேற கயிறு விட்டா?" என்றேன். "அதைப் பிடிக்க அவ எட்டணும். எட்டினா உதறும். அவபாட்டுக்கு இறங்கட்டும்மா. நடக்காதீங்க, நில்லுங்க" என்றார்.

நின்றேன். கயிற்றின் மேல் கை வைத்தேன். அழுத்தவில்லை, குழந்தைக்குக் காய்ச்சல் பார்ப்பது போல வைத்தேன். அது உள்ளுக்குள் நடுங்கியது. அவள் துடைக்கத் துடைக்க ஒரு நடுக்கம், ஒரு மாடி இறங்கினால் ஒரு நடுக்கம். என் கை முடி பிரித்த கை தம்பி. ஒரு கட்டில் எத்தனை குட்டை என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். அந்தக் கயிற்றில் குட்டைகளெல்லாம் ஒன்று ஒன்றாக நழுவுகிற மாதிரியே இருந்தது. பத்து. ஒன்பது. எட்டில் ரொம்ப நேரம் நின்றாள், ஏதோ கறை போல. ஒரு கறைக்காக இவ்வளவு தேய்க்கணுமா என்று அவளைத் திட்டினேன், மனதுக்குள். மூணு என்று எண்ணியது நினைவிருக்கிறது.

அப்புறம் கயிறு தொளதொளவென்று ஆகிவிட்டது.

தரையில் கால் வைத்தாலும் தொளதொளக்கும். அறுந்தாலும் தொளதொளக்கும். மேலே இருக்கிறவள் கைக்கு ரெண்டும் ஒன்றுதான். எனக்கு எட்டிப் பார்க்கத் தைரியம் இல்லை. மேஸ்திரியும் பார்க்கவில்லை. ரெண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம்.

"மேல யாரு தூங்குறீங்களா? கயிறை இழுங்க!" என்று கீழேயிருந்து கத்தினாள்.

பையில் கிடங்குக் கத்தரிக்கோல் இருந்தது. முடிக்கு ஆனது, கயிற்றுக்கு ஆகாது. இருந்தாலும் அறுத்தேன். முழம் முழமாக அறுத்தேன். கை கிழிந்தது. அவள் லிஃப்டில் ஏறி வந்து பார்த்துவிட்டு, "பைத்தியமாம்மா உனக்கு? அப்பா கயிறும்மா அது!" என்று கதறினாள். அவர் செத்த அன்றுகூட அவள் அப்படி அழவில்லை. உன் கடிதம் என் ஜாக்கெட்டுக்குள் இருந்தது. கொடுக்கவில்லை. மேஸ்திரியையும் வாய் திறக்கக் கூடாது என்று சொல்லிவிட்டேன். அது உன் வாயிலிருந்து வரணும், அவளுக்கு எதிரே நின்று வரணும். அவள் உன்னை என்ன செய்தாலும் நான் நடுவில் வர மாட்டேன்.

நீ வந்தால் சாப்பாடு போடுவேன். மன்னித்துவிட்டேன் என்று எடுத்துக்கொள்ளாதே. பதினைந்து நாள் நான் அவரைக் கொன்றவளாக இருந்தேன், நீ அதைப் பார்த்துக்கொண்டு இருந்தாய். நேற்று அந்த வாளியை நிமிர்த்தினேன். துணி ஊறப் போட்டேன். அவ்வளவுதான் இப்போதைக்கு.

இருநூற்றுப் பத்து என்று எழுதியிருக்கிறாய். ரெண்டு எங்கே போனது என்று நமக்குத் தெரியும். மிச்சம் இருநூற்றெட்டு யார் யார் வீட்டில், எந்தக் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது? இந்தக் கடிதம் கையில் கிடைத்ததும் இழுப்பறையைத் திறந்து அந்தப் படத்தை எடுத்து உன் மேனேஜர் மேஜையில் வை. அவர் மடித்து வைத்தால் அவருக்கு மேலே இருக்கிறவர் மேஜையில் வை. பயமாக இருக்கிறது என்கிறாய். எனக்கும்தான் இருந்தது, மொட்டை மாடியில். பயந்துகொண்டே செய்.

இன்னொன்று. பல்லி நிறுத்த மாட்டாள், அவளை எனக்குத் தெரியும். மேஸ்திரி புதுக் கயிறு வாங்கிக் கொடுத்துவிட்டார், வேறு கம்பெனி. மேலே சீட்டு ஒட்டியிருக்கிறது, அதில் யாரோ ஒருவன் கையெழுத்து, கிறுக்கல். அவனும் பார்த்துத்தான் பாஸ் பண்ணியிருப்பான். அதில் ஒரு முழம் வெட்டி இதோடு வைத்திருக்கிறேன். உன் மெஷினில் போடு. நானும் இதைக் கூரியரில்தான் அனுப்புகிறேன், வெள்ளிக்கிழமைக்குள் நீயே எடுத்துக்கொண்டு வா. எண் எதுவும் என்னிடம் சொல்லாதே. மலையைக் காட்டு.

அவள் சனிக்கிழமை ஏறுகிறாள்.

அண்ணி